அழகுமுத்துவின் முன் டயர்கள்

அழகுமுத்துவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லி, எங்கள் ஜீப் சாரதிகள் சங்கத்துச் செயலாளர் என் கையில் ஒரு கொப்பியைத் திணித்துவிட்டுப் போய்விட்டார். சங்கம் ஆண்டு மலர் போடுகிறதாம். அழகுமுத்து இந்த வருஷத் தலைவராம். தலைவரைப் பற்றி ஒரு பக்கம் வேண்டுமாம்.

"ஒங்களத் தவிர அவர யாருக்கு அவ்வளவு தெரியும் லியனார்ட் அண்ணே?" என்றார்.

தெரியும்தான். அதுதான் கஷ்டமே. நாற்பத்தாறு வருஷமாக அந்த ஆளைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவன் நான். அதை விட்டுவிட்டு எழுதினால் அது அழகுமுத்துவின் கதையாக இருக்காது. ஆகையால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். மலரில் போடுவதும் அடுப்பில் போடுவதும் செயலாளர் இஷ்டம்.

வட்டகொடைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீட்டில் மூன்றாம் காம்பரா அவனுடையது, நாலாம் காம்பரா என்னுடையது. நடுவில் ஒரு சுவர். அவன் தும்மினால் எனக்குக் கேட்கும். அவன் வீட்டில் கருவாடு பொரித்தால் என் வீட்டில் மணக்கும். அவன் அம்மா நாகலெட்சுமி மலையிலே பேர் போன கொழுந்துக்காரி. என் அம்மாவுக்கு எப்போதும் அவரைவிட இரண்டு கிலோ குறையும். பொறாமை எனக்குப் பாலோடு வந்தது என்று டெல்சி சொல்வாள். டெல்சி என் மனைவி. என்னைப் பற்றிச் சரியாகத்தான் சொல்வாள்.

தோட்டத்துக் கொழுந்து லொறிக்கு டிரைவர் தேவைப்பட்டபோது இரண்டு பேரும் மனுப் போட்டோம். அவனை எடுத்தார்கள். தோட்டத்து மனேஜர் துரை என்ன காரணம் சொன்னார் தெரியுமா? வளைவில் அழகுமுத்து ஹோர்ன் அடித்துவிட்டுக் காத்திருக்கிறானாம், நான் ஹோர்ன் அடித்துக்கொண்டே போகிறேனாம். பிறகு இரண்டு பேருமே சொந்தமாகப் பழைய ஜீப் வாங்கினோம். ஒரே இனம், ஒரே அளவு சக்கரம், வயதும் ஏறக்குறைய ஒன்று. நானுஓயா ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கும் வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு மலை சுற்றிக் காட்டுவோம். குளிர் காலையில் அவன் ஜீப் ஒரு திருப்பில் ஸ்டார்ட் ஆகும். என்னுடையதை நாலு பேர் தள்ள வேண்டும். அந்த நாலு பேரில் அவனும் வந்து நின்று தள்ளுவான் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

மூடுபனி இறங்கி எதிரில் ஆள் தெரியாத நாட்களில் மற்ற டிரைவர்கள் நாங்களெல்லாம் லைட்டைப் போட்டுக்கொண்டு குத்துமதிப்பாக ஓட்டுவோம். அழகுமுத்து வண்டியை நிறுத்திவிட்டு இறங்குவான். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வளைவு முழுவதையும் வெறுங்காலால் தேய்த்து நடந்து பார்த்து, எங்கே சறுக்குகிறது, எங்கே கல் கிடக்கிறது என்று தெரிந்துகொண்டு வந்துதான் ஏறுவான். வண்டியில் இருக்கிற வெள்ளைக்காரிகள் அதைப் படம் பிடிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நடிக்கிறான் என்று டெல்சியிடம் சொல்வேன். அவன் நடிக்கவில்லை என்பது எனக்கே தெரியும்.

இனி டயர் விஷயத்துக்கு வருகிறேன்.

நானுஓயாவுக்கு மேலே ஒரு பழைய துரை பங்களாவை ஹோட்டலாக மாற்றினார்கள். ஜெயந்தினி என்று ஒரு பிள்ளை அங்கே மனேஜர். பாதை நாலு மைல். பாதி கல் பரப்பிய தோட்டத்துப் பாதை, மழை பெய்தால் சேறு. கடைசி மைலில் வளைவுகளுக்கு மட்டும் கொங்கிறீட் போட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் சைப்பிரஸ் மரங்கள் நின்று வெயிலை மறைப்பதால், தை மாசத்து உறைபனி அந்தக் கொங்கிறீட்டில் காலை எட்டு மணிவரை கண்ணாடி மாதிரிக் கிடக்கும். போன வருஷம் ஒரு வேன் அதில் சறுக்கித் தேயிலைக்குள் போய்விட்டது. அதைப் பார்த்த ஒரு விருந்தாளி, அவர் நாட்டில் பனிக்கென்றே ஒரு டயர் இருப்பதாக ஜெயந்தினிக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

தீபாவளி கழிந்த கிழமை எங்கள் இரண்டு பேரையும் அந்தப் பிள்ளை கூப்பிட்டது. போனில் ஒரு படத்தைக் காட்டியது. டயரின் பக்கவாட்டில் ஒரு சின்ன முத்திரை. மூன்று முகடு உள்ள மலை, அதற்குள் ஒரு பனிப்பூ.

"சேத்துலயும் ஏறணும், வெள்ளப்பனியிலயும் வழுக்கக் கூடாது. இந்தக் குறி இருக்கற டயர் யாரு மொதல்ல போட்டுட்டு வாறீங்களோ, அவங்க ஜீப்பத்தான் வருஷம் பூரா நான் வச்சுக்குவேன். டிசம்பர்ல நத்தாருக்கு முந்திப் பாப்பேன் அண்ணே."

வருஷம் முழுவதும் ஒரே இடத்தில் நிரந்தர ஓட்டம்! ஸ்டேஷன் வாசலில் நின்று ஆள் பிடிக்க வேண்டாம், ஒவ்வொரு ரயிலுக்கும் கழுத்தை நீட்ட வேண்டாம். எனக்கு அன்றிரவு தூக்கமே இல்லை. இந்த ஒரு தடவையாவது அவனுக்கு முன்னால் நான் நிற்க வேண்டும். இதுதான் வேண்டுதல். டெல்சி சொன்னாள் என்று தலவாக்கலை மாதா கோயிலில் மெழுகுவர்த்திகூட ஏற்றினேன். மாதாவுக்கு என்ன நினைத்து ஏற்றுகிறேன் என்று சொல்லவில்லை.

மறுநாளே தலவாக்கலை டவுனில் ஜூட்டின் டயர்க்கடைக்குப் போனேன். ஜூட்டுக்குத் தெரியாத டயர் இந்தப் பக்கத்தில் இல்லை. என்னை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் நடத்தினான்.

"அண்ணே, எம் எஸ்னு ரெண்டு எழுத்து எல்லா டயர்லயும் போட்டிருப்பான். அது சும்மா, கம்பெனிக்காரன் தானாப் போட்டுக்கறது. மலைக்குள்ள பூ இருந்தாத்தான் பனியில ஓட்டிப் பாத்துக் குடுத்த குறி. டயர் மேல துருத்திக்கிட்டு இருக்கற கட்டையப் பாத்து ஏமாந்துறாதீங்க. பெரிய பெரிய கட்டை சேத்தக் கிழிச்சுட்டு ஏறும், சரி. கொங்கிறீட்டுல வெள்ளப்பனி கெடந்தா அதே கட்டை கல்லு மாதிரி வெறச்சுப் போயிச் சறுக்கும். பனிக்கு றப்பர் மெதுவா இருக்கணும், நகத்தால அமுக்குனா அமுங்கணும். கட்டையில சன்னம் சன்னமாக் கீறல் இருக்கணும், அதுதான் புடிக்கும். பொறகு இந்த நாலு நம்பரப் பாருங்க. எந்த வருஷம், அதுல எத்தனாவது கெழமை செஞ்சதுன்னு இருக்கும். பழசுன்னா குறி இருந்தும் பிரயோசனம் இல்ல, றப்பர் செத்துப் போயிருக்கும்."

"இருக்கா ஒங்கிட்ட?"

"இப்ப இல்ல. யப்பான்ல இருந்து வந்த ஒரு ஜீப்புல இருந்து கழட்டுன நாலு டயர் கொழும்புல இருக்கு. சேத்துக்கும் ஆகும், குறியும் இருக்கு, ஒங்க அளவுதான். கொழும்புச் சூட்டுக்கு அது தேஞ்சுரும்னு அந்த ஜீப்புக்காரர் மாத்திட்டாரு. அடுத்த கெழமை வரும். ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க. போட்டா நாலும் போடணும். முன்னுக்கு மட்டும் ரெண்டு போட்டா முன்னுக்குப் புடிக்கும், பின்னுக்கு வீசி அடிச்சுரும். அதவிடப் போடாமலே இருக்கலாம்."

எடுத்து வைக்கச் சொன்னேன். ஆனால் வாய்ப்பேச்சுதான், உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை. யாரோ ஓட்டிக் கழித்த டயரா என்று ஒரு கௌரவம். அந்தக் கௌரவத்தோடு ஹட்டனுக்குப் போய் இன்னொரு கடையில் பார்த்தால், பளபளவென்று புதுச் சேற்று டயர் நாலு அடுக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கட்டையும் பாதி கருப்பட்டி அளவு. எம் எஸ் எழுத்தும் இருந்தது. ஜூட் சொன்னதெல்லாம் காதில் இருந்தது, ஆனால் கண் அந்தக் கட்டையிலேயே நின்றது. அன்றைக்கு வாங்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

யோசித்து முடிப்பதற்குள் ஒரு கிழமை போய்விட்டது. ஒரு நாள் காலை ஸ்டேஷனுக்கு வந்தால் அழகுமுத்துவின் ஜீப் நிற்கிறது. முன் சக்கரம் இரண்டிலும் மலை, மலைக்குள்ளே பூ.

நான் சொல்லி வைத்த டயர்! ஜூட்டும் அவனும் சேர்ந்து என் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டார்கள் என்று நினைத்தேன். அவன் என்னைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தான்.

"லியனார்ட்டு, ஜூட் கடப்பக்கம் போனியா? ஒரு எட்டு போய்ப் பாரு மச்சான்."

குத்திக் காட்டுகிறான் என்றே எடுத்துக்கொண்டேன். காறித் துப்பிவிட்டுத் திரும்பி நடந்தேன். இனி ஜூட் கடை வாசலை மிதிப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு. ஜூட் இரண்டு தடவை போனில் கூப்பிட்டான், நான் எடுக்கவில்லை. நேரே ஹட்டனுக்குப் போய் அந்தக் கட்டை டயர் நாலையும் வாங்கிப் போட்டேன்.

நத்தாருக்கு முந்தின கிழமை ஜெயந்தினி வந்து பார்த்தது. என் ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது, குனிந்து பார்த்தது. எம் எஸ் எழுத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"இது இல்லையே அண்ணே," என்றது. அவ்வளவுதான்.

அழகுமுத்துவின் முன் டயரில் குறியைக் கண்டதும் அந்தப் பிள்ளையின் முகம் மலர்ந்துவிட்டது. பின் டயரைக் குனிந்து பார்க்கவில்லை. பின்னால் இருந்தது தேய்ந்த பழைய டயர். அது எனக்குத் தெரியும். முன்னுக்கு மட்டும் போட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அந்த இடத்தில் அந்த இரண்டும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எங்கள் பக்கத்து டிரைவர்மார் எல்லாருக்கும் நல்ல டயர் முன்னுக்கு என்பது பழக்கம். ஸ்டீயரிங் முன்னால்தானே இருக்கிறது, முன்னால் வெடித்தால்தானே பள்ளத்துக்குப் போவோம் என்று கொழுந்து லொறி காலத்திலிருந்து ஊறிய எண்ணம். அழகுமுத்துவும் அதைத்தான் செய்திருந்தான். நான் வாயைத் திறக்கவில்லை. சறுக்கட்டும் என்று நினைத்தேனா? நினைத்தேன். கொஞ்சம் சறுக்கட்டும், அந்தப் பிள்ளை பார்க்கட்டும் என்று நினைத்தேன். ஆள் விழ வேண்டும் என்று நினைக்கவில்லை. இதை எழுதும்போது இதுவும் ஒரு சாட்டுத்தான் என்று தெரிகிறது.

பொங்கலன்று அவன் மனைவி வினோதா வழக்கம்போல ஒரு சட்டிப் பொங்கலை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பின்னாலேயே அவனும் வந்து கதவடியில் நின்றான்.

"பின்னுக்கு ஆட்டம் குடுக்குதுடா லியனார்ட்டு, மேல அந்தக் கொங்கிறீட்டு வளைவுல. முன்னுக்கு நல்லாத்தான் புடிக்குது. ஜூட் ஏதோ நாலும் ஒண்ணாப் போடணும்னு சொன்னான். ஏவாரி அப்புடித்தான சொல்லுவான். நீ என்னா சொல்ற? அந்தக் கடையில இன்னும்..."

"அந்தக் கடப் பேச்ச இங்க எடுக்காத," என்றேன்.

அவன் நிறுத்திக்கொண்டான். பிறகு, "சரி, டயர் மட்டும் சொல்லு," என்றான்.

"ஏவாரி பேச்சக் கேட்டா உருப்படுவியா? பின்னுக்குக் காத்தக் கொஞ்சம் எறக்கிப் பாரு, சரியாயிரும்."

அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். ஆயிரம் பேரிடம் கேட்டாலும் கடைசியில் என் பேச்சைத்தான் எடுப்பான். அதுவும் எனக்குத் தெரியும். வினோதா கொண்டுவந்த பொங்கலை அன்றைக்கு நன்றாகத்தான் சாப்பிட்டேன்.

நாலாம் நாள் நல்ல உறைபனி. லயத்துக்குக் கீழே மரக்கறித் தோட்டமெல்லாம் உப்புக் கொட்டினது மாதிரி இருந்தது. காலை ஆறரைக்கு அழகுமுத்து பங்களாவிலிருந்து இரண்டு விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு இறங்கியிருக்கிறான். மேல் வளைவில் வழக்கம்போல நிறுத்தி, வெறுங்காலோடு நடந்து பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு, விருந்தாளிகளை இறங்கி நடந்து வரச் சொல்லியிருக்கிறான். வண்டியில் தனியாகத்தான் இறக்கத்தில் வந்தான். பிரேக்கில் கால் வைத்ததும் முன் சக்கரம் பிடித்தது, பின் பக்கம் வீசிக்கொண்டு சுற்றியது. ஜீப் மதகில் மோதித் தேயிலைக்குள் சாய்ந்தது. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது.

ஸ்டேஷனில் சேதி வந்தபோது நான் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். கோப்பையை வைக்க இடம் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு முதலில் வந்தது பயம். பயத்துக்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது, இனி அந்த ஓட்டம் எனக்குத்தான் என்று. அதற்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

மத்தியானம் ஜெயந்தினி போனில் கூப்பிட்டது. அழுது முடித்த குரல்.

"நாளையில இருந்து நீங்க வாங்கண்ணே. அழகுமுத்து அண்ணன்தான் ஒங்க பேரச் சொன்னாரு. ஆனா அந்தக் குறி போட்ட டயரோட வாங்க, நாலும்."

வேறு வழியில்லை. மிதிப்பதில்லை என்று முடிவு கட்டிய ஜூட் கடை வாசலை மிதித்தேன். ஜூட் என்னைப் பார்த்தான். உள்ளே போனான். இரண்டு டயரை உருட்டிக்கொண்டு வந்து என் முன்னால் சாய்த்து வைத்தான். மலை, மலைக்குள்ளே பூ. பக்கத்தில் சோக்கட்டியால் எழுதியிருந்தது, லியனார்ட் என்று.

"என்னாது இது?"

"ஒங்க பங்கு. ரெண்டு மாசமாக் கெடக்கு. ஒங்களுக்குப் போன்ல எத்தன கோல் எடுத்தேன்!"

"யாரு வச்சது?"

"வேற யாரு? நாலு டயரு வந்துச்சு. அவரு வந்தாரு. நீங்க கேட்டுட்டுப் போனதச் சொன்னேன். அப்ப ஆளுக்கு ரெண்டாப் போட்டுக்குறோம்னாரு. நாலும் ஒரே வண்டியில கெடக்கணும்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். தீவாளி ஆட்டையே ஒரு லயம் பூரா பங்கு போட்டுத் திங்குறோம், நாலு டயர ரெண்டு பேரு பங்கு போட ஏலாதான்னு சிரிச்சாரு. ரெண்டு பேரு வண்டியிலயும் குறி இருந்தா அந்தப் பிள்ள ரெண்டு பேரையும் மாத்தி மாத்திக் கூப்புடும்ல, அதான் கணக்கு அவருக்கு. நீங்க வந்து எடுப்பீங்க எடுப்பீங்கன்னு அவரும் பாத்துக்கிட்டே இருந்தாரு."

நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஸ்டேஷன் வாசலில் அவன் சிரித்துக்கொண்டு சொன்னதற்கு இதுதான் அர்த்தம். ஆட்டை வெட்டிக் கூறு வைக்கிற மாதிரி டயரைக் கூறு வைத்திருக்கிறான். இப்படி ஒரு பைத்தியக்காரத்தனம் எங்கள் லயத்தில் பிறந்தவனுக்கு மட்டும்தான் தோன்றும்.

"மத்த ரெண்டும் சாயந்தரம் வரும்," என்றான் ஜூட். "நொறுங்குன ஜீப்புல இருந்து கழட்டி ஒங்களுக்குப் போடச் சொல்லி ஆசுபத்திரியில இருந்து வினோதாக்கா கோல் எடுத்தாங்க."

அன்று பொழுது சாயும் நேரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டெல்சி தோடம்பழம் வாங்கித் தந்திருந்தாள். அழகுமுத்துவின் காலில் இடுப்புவரை கட்டுப் போட்டிருந்தார்கள். முகம் மட்டும் எப்போதும்போல இருந்தது. வினோதா எழுந்து எனக்குக் கதிரையைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று தெரிந்தது.

"அழகு, நாலும் போடணும்னு எனக்குத் தெரியும்டா. நீ போடுறதுக்கு முந்தியே தெரியும். பொங்கலன்னிக்கு நீ கேட்டப்பவும் தெரியும். தெரிஞ்சுதான் காத்த எறக்கச் சொன்னேன். ஒன்ன அந்த எடத்துல பாக்க எனக்குப் பொறுக்கல."

அவன் போர்வையை இழுத்துக் கட்டுப் போட்ட காலை மூடினான்.

"தெரியும்," என்றான். "மத்தியானம் ஜூட் வந்து பாத்துட்டுப் போனான். லியனார்ட்டு அண்ணனுக்குத்தான் மொதல்ல வெளக்கமாச் சொன்னேன்னு அவன் வாயாலயே வந்துருச்சு. நான் ஒண்ணும் கேக்கல."

"அதுக்குப் பொறகா வினோதாவ கோல் எடுக்கச் சொன்ன?"

"ஆமா."

"ஏண்டா?"

அவனுக்குக் கோபம் வந்தது. நாற்பத்தாறு வருஷத்தில் நான் பார்த்த முதல் கோபம். "என்னாடா ஏண்டா? நாளைக்கு விடியக்காலம் அந்த எறக்கத்துல எறங்கப் போறவன் நீதான? ஒம் மேல இருக்குற ஆத்திரத்துக்கு ஒன்னய ரெண்டு டயர்ல எறங்கச் சொல்லவா? டெல்சி மொகத்துல அப்பறம் நான் எப்புடி முழிக்கிறது?" என்றான். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். "பின்னுக்குக் காத்த எறக்காத. அளவா வையி. போ, ஜூட் கடையப் பூட்டிருவான்."

கொழுந்து லொறிக்காகவும், ஒரு திருப்பில் ஸ்டார்ட் ஆகிற ஜீப்புக்காகவும், வெள்ளைக்காரிகள் பிடித்த படங்களுக்காகவும் நான் பட்டதெல்லாம் சின்னப் பொறாமை. ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போது பட்டதுதான் பெரியது. நான் அவனாக இருந்து அவன் நானாக இருந்திருந்தால், அந்த டயர்களை நான் கொடுத்திருப்பேனா என்று நினைத்துப் பார்த்தேன். கொடுத்திருக்க மாட்டேன்.